தொங்குகிறவனுக்கு ஒரு முகம்

1

நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை, ஒரு பக்கத் துண்டறிக்கை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் தெரிந்தால் கோபித்துக்கொள்வீர்கள். இத்தாலியில் இருக்கும் எங்கள் ஊர் நகராட்சியில் பண்பாட்டுப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் ஒர்னெல்லா என்னைக் காப்பிக் கடையில் மடக்கிப் பிடித்தாள்.

"இத்தனை வருஷமா இங்கேயே கிடக்குறீங்க, எழுதுறவர்னு வேற சொல்லிக்கிறீங்க. நம்ம ஃபோல்கோவைப் பத்தி உங்க பாஷையில ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பிறப்பு, வாழ்க்கை, தலைசிறந்த படைப்புகள். அவ்வளவுதான். கதை விட்றாதீங்க."

வீட்டுக்கு வந்து எழுதினேன்.

[மறுமலர்ச்சிக் காலத்தின் ஈடு இணையற்ற ஓவியரான ஃபோல்கோ தி பெர்த்தோ, காஸ்தெல்கூப்போவில் ஓர் எளிய…]

எளிய என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மகா கலைஞர்கள் எல்லோரும் ஏன் எளிய குடும்பத்திலேயே பிறந்து தொலைக்கிறார்கள்? வசதியான வீட்டுப் பிள்ளை சாரத்தில் ஏறி ஈரச் சுண்ணாம்பில் கையை வைக்க மாட்டான், அதனால் இருக்கலாம். மறுபடி தொடங்கினேன்.

[அவரது தூரிகை பட்ட இடமெல்லாம் தெய்வீகம் பொங்கி…]

இதை அடித்ததற்குக் காரணம் வெட்கம். மூன்றாவதாக ஒரு வரி வந்தது.

[ஃபோல்கோவின் புனிதர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்.]

இந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. துண்டறிக்கைக்கும் இது உதவாது. அங்கேதான் கதை புகுந்தது. வரைபடத்தில் காஸ்தெல்கூப்போவைத் தேட வேண்டாம். ஊரையும் நான்தான் கட்டினேன், ஃபோல்கோவையும் ஒர்னெல்லாவையும் நான்தான் படைத்தேன். ஆனாலும் ஒர்னெல்லாவிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

2

படைப்புகளை முதலில் முடித்துவிடுவோம். பொறுமை இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு எழுந்து போகலாம்.

"புனித வெர்தியானோவின் திருக்காட்சி." பேராலயத்தின் இடப்பக்கச் சுவர். எங்கள் ஊரின் காவல் புனிதர் கண்களை மேலே செருகி, கன்னத்தில் கை வைத்து, வானத்தைப் பார்க்கிறார். ஆன்மா உடலைத் துறக்கும் கணம் என்று இதற்கு அறிஞர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அது பல்வலி. மாதிரியாக உட்கார்ந்தவன் சேக்கோ, ஃபோல்கோவின் மச்சான், சந்தையில் வேகவைத்த குடல் விற்பவன். அன்றைக்கு அவனுக்குக் கடைவாய்ப் பல் குடைந்துகொண்டிருந்தது. கன்னத்திலிருந்து கையை எடுக்கச் சொன்னதற்கு அவன் ஃபோல்கோவின் பரம்பரையையே திட்டினான்.

"ஞானஸ்நானம்." வலப்பக்கச் சுவர். யோர்தான் ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நிற்பவரும் சேக்கோதான். அவன் நின்ற ஆறு, குடல் அலசும் தொட்டி.

"திராட்சை மாதா." இப்போது அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால். நல்ல குடும்பத்துப் பெண்ணை ஓவியன் முன்னால் உட்கார வைக்க ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே சேக்கோவை மழமழவென்று மழித்து, அவன் தங்கையும் ஃபோல்கோவின் மனைவியுமான தெஸ்ஸாவின் முக்காட்டைத் தலையில் போட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையை மடியில் வைத்தார்கள். மாதாவின் முகத்தில் வரப்போகும் துயரத்தின் நிழல் தெரிவதாகச் சொல்வார்கள். குழந்தை அவன் நெஞ்சு முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

இந்த மூன்றுக்குப் பிறகு சேக்கோ உட்கார மறுத்துவிட்டான். அதனால் என்ன? ஃபோல்கோவிடம் அவன் முகம் தாளில் இருந்தது. அந்தக் காலத்துச் சுவர் ஓவியர்கள் முகத்தைத் தடித்த தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போடுவார்கள். ஈரச் சுண்ணாம்பின் மேல் தாளை வைத்து, கரித்தூள் கட்டிய துணியால் தட்டினால் சுவரில் புள்ளிகள் விழும். புள்ளிகளைச் சேர்த்து, சுண்ணாம்பு காய்வதற்குள் வண்ணம் பூசிவிட வேண்டும். காய்ந்த பிறகு மாற்ற வேண்டும் என்றால் உளியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும்.

அதற்கப்புறம் வந்த தேவதூதர்கள், அப்போஸ்தலர்கள், உயிரோடு தோலுரிக்கப்பட்டவர்கள், சிங்கத்துக்கு இரையானவர்கள் எல்லோரும் அந்த ஒரே தாளிலிருந்து இறங்கியவர்கள். தாடி வைத்தால் கிழவர், எடுத்தால் இளைஞர், சிறகு ஒட்டினால் வானவர். இங்கேதான் ஃபோல்கோவின் கலை வாழ்க்கை உச்சத்தைத் தொட்டது என்று துண்டறிக்கை சொல்லும். இங்கேதான் அவன் சோம்பேறி ஆனான் என்று நான் சொல்கிறேன்.*

* துண்டறிக்கையில் ஃபோல்கோ "அவர்". இங்கே "அவன்". இத்தனை நாள் கூடவே இருந்து பழகிவிட்டோம்.

3

யாருடைய தோளில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்வது என்று குழம்பினேன். மேதையின் தோளில் உட்கார்ந்தால் வெளிச்சம், நிழல், தனிமை என்று ஏதாவது தத்துவம் பேச வேண்டிவரும். சேக்கோவின் தோளில் குடல் நாற்றம்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சேக்கோ தன் முகத்தை வைத்து நன்றாகவே வாழ்ந்தான். புனிதரின் திருவிழாவில் பெரிய மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவன் அவன்தான். குடல் வாங்க வரும் பெண்கள் சிலர் கிண்ணத்தை நீட்டும்போது சிலுவை போட்டுக்கொண்டார்கள். சுகமில்லாத கோவேறு கழுதையைக் கூட அவனிடம் கூட்டி வந்து ஒரு தடவு தடவச் சொல்வார்கள். "நான் குடல் விக்கிறவன்மா" என்று சொல்லிக்கொண்டே தடவிக் கொடுப்பான். அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். வேறு ஊரில் அவன் யாரோ ஒருவன், இந்த ஊரில் பாதி சாமி.

கதைக்கு இப்போது ஒரு துரோகி தேவை. பக்கத்து மலையில் இருக்கும் மோந்தெகாயோ ஊர் எங்கள் ஜென்ம விரோதி. அந்த ஊர்க்காரர்களைத் தடுக்க ஊர்ச்சபை கோர்னாக்கியா என்ற கூலிப்படைத் தலைவனை எங்கள் மலைக்கோட்டையில் அமர்த்தியது. அவன் ஒரு நாள் கோட்டைக் கதவை அவர்களுக்கே திறந்துவிட்டு, அவர்களோடேயே போய்விட்டான்.

[கோர்னாக்கியாவின் இளமைப் பருவம் இருண்டது. அவன் தாய் அவனை…]

வேண்டாம். அவன் இந்தக் கதைக்குள் வரவே போவதில்லை. அவன் முகம் யாருக்கும் தெரியாது என்பது மட்டும் போதும்.

தப்பி ஓடிய துரோகியைத் தூக்கில் போட முடியாதே. எங்கள் ஆட்கள் அவனைச் சுவரில் போடுவார்கள். சபைக் கட்டடத்தின் வெளிச்சுவரில், ஒற்றைக் காலில் கயிறு கட்டி, தலைகீழாகத் தொங்குகிற மாதிரி ஆள் உயரத்துக்குப் படம். கீழே பெயர். படம் இருக்கும்வரை அவன் துரோகி. படத்தை அழித்தால் ஊர் அவனை மன்னித்துவிட்டதாகச் சட்டம். இந்தச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள், இதனால்தான் எல்லோரும் கஷ்டப்படப் போகிறார்கள்.

சபைத் தலைவர் உபெர்த்தோ, ஃபோல்கோவைத் தேடிச் சேக்கோவின் கடைக்கே வந்தார். சேக்கோ அண்டாவைக் கிளறுவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டான்.

"பலிபீடத்துக்குப் பின்னாடி அந்தப் பெரிய சுவர் சும்மாவே கிடக்கு, ஃபோல்கோ" என்றார் உபெர்த்தோ.

ஃபோல்கோ மெல்வதை நிறுத்தினான். அரும்பு மீசை வயதிலிருந்து அவன் அந்தச் சுவருக்காக ஏங்கிக்கொண்டிருந்தான். முழுச் சொர்க்கத்தையும் அதில் இறக்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை.

"தெரியுங்க ஐயா. அதத்தானே நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை."

"எவ்வளவு சின்னது?"

"ஆள் உயரம். தலைகீழா."

ஃபோல்கோ கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஐயா, அத வரைஞ்சா சாகுற வரைக்கும் என்னைய தூக்குக்கார ஃபோல்கோன்னுதான் கூப்பிடுவாங்க."

"மறைப்புக் கட்டிக்கிட்டு வரை. யாரு வரைஞ்சான்னு யாருக்குத் தெரியப்போவுது?"

"ஊருல சுவர்ல வரையிறவன் நான் ஒருத்தன்தான்."

"அப்ப தெரியத்தான் செய்யும்" என்று ஒத்துக்கொண்டார் உபெர்த்தோ, தன் கிண்ணத்தில் மிஞ்சிய பச்சைத்தழைச் சாறை ரொட்டியால் வழித்தபடி. "ஆனா பெரிய சுவர் உனக்கு."

"அவன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

"எவன் பாத்தான்? கோட்டையிலேயே கிடந்தான். ஊருக்குள்ள வந்தப்பவும் இரும்புத் தொப்பியக் கழட்டல. ஏதோ ஒரு துரோகி மூஞ்சியப் போடு. உனக்குத் தெரியாததா?"

அவர் போன பிறகு சேக்கோ கரண்டியால் அண்டாவைத் தட்டினான். "போட்டுக் குடுத்துடு மாப்ள. ஒரு நாள் அசிங்கம், அப்புறம் சொர்க்கம்."

4

இந்த இடத்தில் எனக்கே என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஒரு மேதை இவ்வளவு பெரிய மடத்தனம் செய்வானா? நாள் முழுக்க யோசித்தேன். செய்வான் என்றுதான் தோன்றியது. மேதைகளின் மடத்தனத்தைத் தடுக்கப் பக்கத்தில் ஆளே இருக்காது.

மறைப்புக்குப் பின்னால் நின்ற ஃபோல்கோவுக்கு வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ஓட வேண்டும். சுண்ணாம்பு ஈரமாக இருந்தது, புது முகம் ஒன்றும் தோன்றவில்லை. பழைய துளைத்தாள் மட்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தலைகீழாக வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான். அதைக் கவிழ்த்து வைத்துக் கரித்தூளைத் தட்டினான்.

ஒரு விதத்தில் அவன் கணக்கு சரிதான். நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் மைத்துனரின் படத்தைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், ஆள் அடையாளம் தெரியாது. மறைப்பை எடுத்ததும் ஊரே திரண்டது. பெண்கள் காறித் துப்பினார்கள். ஆண்கள் அழுகின வெங்காயத்தை எறிந்தார்கள். சேக்கோவும் கெட்டுப்போன குடல் துண்டு ஒன்றை எடுத்து, குறி பார்த்து, தன் மூக்கின் மேலேயே எறிந்தான். கூட்டம் கைதட்டியது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், நானும்தான். இப்படியே முடித்துவிட்டால் துண்டறிக்கைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

அப்புறம் மழை பெய்தது.

[மழை ஒரு குறியீடாக…]

மழை மழைதான். எறிந்த வெங்காயமெல்லாம் சபைச் சுவரை ஒட்டிய சாக்கடையை அடைத்துக்கொண்டது, தண்ணீர் தேங்கியது. விடிந்ததும் வானம் வெளுத்து, சந்தைக்கு வந்தவர்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்தார்கள். தலைகீழ் ஆள் தண்ணீருக்குள் நேராக நின்றான். சுவரில் தரையைப் பார்த்துத் தொங்கிய தலைமுடி, தண்ணீரில் தலையைச் சுற்றி மேலே எழும்பி ஒளிவட்டம் போட்டிருந்தது. கண்கள் வானத்தை நோக்கிச் செருகியிருந்தன.

சுட்ட கஷ்கொட்டைப் பருப்பு விற்கும் பெண் கூடையை இறக்கினாள். "வெர்தியானோ சாமி" என்று சொல்லிவிட்டு அப்படியே தண்ணீரில் மண்டியிட்டாள். அடுத்தடுத்து ஆட்கள் மண்டியிட்டார்கள். அப்படியே தலையைத் தூக்கி, எதிரே அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்ற சேக்கோவைப் பார்த்தார்கள். திரும்பவும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

சேக்கோவும் எட்டிப் பார்த்தான். அவன் வாயிலிருந்து ஒரே வார்த்தைதான் வந்தது. "மாப்ள."

5

ஊர் இரண்டாகப் பிளந்தது. ஊர்ச்சபை புனிதரையே தூக்கில் போட்டுவிட்டது, இனி வயலில் ஒன்றும் விளையாது என்று ஒரு பாதி. இன்னொரு பாதி கொஞ்சம் மூளையைச் செலவழித்தது.

"கோர்னாக்கியா ஏன் எப்பவும் மூஞ்சிய மறைச்சுக்கிட்டே திரிஞ்சான்?" என்று கேட்டான் செருப்புத் தைப்பவன். "கழட்டுனா குடல்காரன்னு தெரிஞ்சிடும்ல?"

"கோர்னாக்கியா வந்தப்ப எல்லாம் சேக்கோ கடையிலதானே நின்னான்?"

"பாத்தியா, எவ்வளவு தந்திரக்காரன்."

இப்படிப்பட்ட பேச்சுக்கு எதிராக உலகத்தில் எந்தச் சாட்சியும் நிற்காது. சேக்கோவின் அண்டா தொடுவாரின்றி ஆறியது. நேற்றுவரை சிலுவை போட்ட பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு சுற்றி நடந்தார்கள். ஒரு வெங்காயம் அவன் காதில் பட்டது. அவன் அழவில்லை, ஆனால் அன்று வீட்டுக்கு வந்து கதவை உள்பக்கம் தாழிட்டான். அந்த ஊரில் அதுவரை அவன் தாழ் போட்டதே இல்லை.

சபை கூடியது. சேக்கோவையும் ஃபோல்கோவையும் கூப்பிட்டார்கள். தெஸ்ஸாவை யாரும் கூப்பிடவில்லை, அவளே வந்து கதவோரம் நின்றாள்.

"சுவர்ல இருக்கிறத அழிச்சிரட்டா?" என்று ஃபோல்கோ ஆரம்பித்தான்.

"அழிச்சா அவனுக்கு மன்னிப்பு. மறுநாளே மோந்தெகாயோ வக்கீல் வந்து பல்லிளிச்சுக்கிட்டு நிப்பான்" என்றார் உபெர்த்தோ.

"அப்ப கோயில்ல இருக்கிற சாமி மூஞ்சிய…"

"கைய வச்சுப் பாரு. பொம்பளைங்க உன்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவாங்க."

உபெர்த்தோ கைகளைக் கோத்துக்கொண்டு சேக்கோவைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, நிர்வாகம் செய்கிறவர். "அந்த மூஞ்சி மூணு எடத்துல இருக்கு. கோயில்ல இருக்கிறது நகராது, சுவர்ல இருக்கிறது நகராது. மூணாவது நகரும்."

"எங்க?" என்று கேட்டான் சேக்கோ.

"ஊருக்கு வெளியே. கடல் பக்கம் போயேன். நீ போயிட்டா ஆறு மாசத்துல எவனுக்கும் எந்த மூஞ்சியும் ஞாபகம் இருக்காது."

"நான் என்னங்க பண்ணேன்? பல்வலியோட உக்காந்திருந்தேன்."

சேக்கோ ஃபோல்கோவைத் திரும்பிப் பார்த்தான். ஃபோல்கோ கூரையின் விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். மச்சான் போய்விட்டால் பெரிய சுவர் தன் கையில் பத்திரமாக இருக்கும் என்று அந்த நிமிஷம் அவன் நினைத்தான். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நினைத்தான். சேக்கோவுக்கும் அது புரிந்தது.

தெஸ்ஸா கதவோரத்திலிருந்து பேசினாள். "எங்கண்ணன் எங்கயும் போகாது. படத்த அழிக்க வேணாம், மூஞ்சிய மட்டும் கொத்தி எடுத்துட்டு அன்னிக்கே வேற மூஞ்சி போடட்டும். அதுக்குச் சட்டம் என்ன சொல்லுது?"

உபெர்த்தோ எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தலையாட்டினார், சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. "சாயங்கால மணி அடிக்கிறதுக்குள்ள கழுத்துக்கு மேல ஒரு மூஞ்சி இருக்கணும்" என்றார் உபெர்த்தோ. "மூஞ்சி இல்லாம ஒரு ராத்திரி நின்னா அவன் துரோகி இல்ல, வெறும் கால் கட்டுன மனுஷன். அப்படி ஒண்ணும் கெடைக்கலைன்னா, ஃபோல்கோ, அந்தப் பழைய தாளையே திரும்பப் போட்டுரு. உன் மச்சான் மணிச் சத்தத்தோட ஊர் வாசலத் தாண்டிரட்டும்."

6

மறுநாள் காலையில் கொத்தனார் சாரத்தில் ஏறி அந்த முகத்தைக் கொத்தி எடுத்தார். புதுச் சுண்ணாம்பை ஈரமாகப் பூசினார். இறங்கும்போது மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, எதற்கும் ஒரு எச்சரிக்கை என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஃபோல்கோ சாரத்தின் மேல் நின்று சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்தான். அவன் கண் பட்ட ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டது. படத்தின் ஓரத்தில் கட்டை விரல் அளவுக்காவது தங்களை மண்டியிட வைத்து வரையச் சொல்லி, வருஷக்கணக்கில் இவன் வீட்டு வாசலில் நின்ற கனவான்கள்தான் அந்த ஜன்னல்களுக்குப் பின்னால். செருப்புத் தைப்பவன் தோலை முகத்தில் ஒட்டிக்கொண்டு குனிந்தான். உபெர்த்தோ தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு, சுவரைத் தடவியபடி கட்டடத்துக்குள் போய்ச் சேர்ந்தார். வெயில் ஏறியபோது சதுக்கத்தில் மீதி இருந்தவன் சேக்கோ ஒருவன்தான். அண்டாவையும் கரண்டியையும் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஏணியின் அடியில் உட்கார்ந்திருந்தான்.

"மனசுல தோணுற மூஞ்சி ஒண்ணு போடேன் மாப்ள" என்று கீழேயிருந்து சொன்னான்.

"போடுறேன், போடுறேன்." ஃபோல்கோ விரலால் ஈரத்தில் லேசாகக் கீறிப் பார்த்தான். நெற்றி, புருவம், செருகிய கண். விரல் தானாகவே கன்னத்தை உப்ப வைத்தது. பல்வலி. கரணையால் தடவி அழித்துவிட்டு மறுபடி கீறினான். திரும்பவும் சேக்கோ வந்தான். இத்தனை காலம் ஒரே தாளில் ஓடிய கைக்கு வேறு வழி தெரியவில்லை. இத்தாலியின் மகா ஓவியன் ஒரு மூக்கு கிடைக்காமல் வேர்த்து வழிந்தான்.

தெஸ்ஸா ஏணியில் ஏறிப் போனாள். இடுப்பில் அவளுடைய சீர்வரிசையில் வந்த முகம் பார்க்கும் கண்ணாடி.

"ஊருல இன்னும் ஒரு மூஞ்சி பாக்கி இருக்கு" என்றாள்.

ஃபோல்கோவுக்குப் புரிந்துவிட்டது. "அதையா? துரோகி மூஞ்சிக்காரன் கையால சொர்க்கமான்னு கேப்பானுங்க. அந்தச் சுவர எவன் குடுப்பான்?"

"குடுக்க மாட்டாங்க."

"தெஸ்ஸா, அந்தச் சுவருக்காகத்தான்டி நான்…"

"தெரியும். உங்களக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து கேக்குறேன். என்கிட்ட பேசினதவிட அதுகிட்டதான் நீங்க அதிகம் பேசியிருக்கீங்க. அது ஒரு வாய்ச் சோறு போட்டிருக்கா? எங்கண்ணன் போட்டிருக்கு. நீங்க வேலை இல்லாம சுத்துன காலமெல்லாம் அந்த அண்டாவுலேர்ந்துதான் நாம தின்னோம்."

[முதல் வரைவு: ஃபோல்கோ கண்ணாடியைத் தள்ளிவிட்டு, "கலை எல்லாவற்றையும்விடப் பெரியது" என்றான்.]

இதை எழுதியதும் அவனைச் சாரத்திலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது.

[இரண்டாம் வரைவு: ஃபோல்கோவின் கண்கள் கலங்கின. "மச்சானே, உனக்காக என் கனவையே…"]

இதை எழுதியதும் என்னையே தள்ளிவிடலாம் போல இருந்தது. நல்ல மனசுக்காக எதையும் செய்கிற ஆள் இல்லை ஃபோல்கோ. மூன்றாவது வரைவில் அவனைப் பேசவிடாமல், கண்ணாடியை மட்டும் அவன் முன்னால் நீட்டினேன்.

அவன் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தான். அப்புறம் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தான்.

"இந்த மூக்கு எப்பலேர்ந்து இப்படி வளைஞ்சிருக்கு?"

"கல்யாணத்துலேர்ந்தே."

"இங்க பாரு, இந்தக் கண்ணு ஒண்ணு எறங்கியிருக்கு. இந்த உதட்டுல ஒரு திருட்டுத்தனம்." அவன் குரல் மாறிவிட்டது. "சே, என்ன மூஞ்சி இது. இத்தனை நாளா எங்க கிடந்துச்சு?"

அது பேராசை. பல காலத்துக்கு அப்புறம் அவன் பார்க்கும் புது முகம் அது. பெரிய சுவர் போய்விடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் கை தூரிகையைத் தேடியது. மச்சான் மேல் பாசமும் கொஞ்சம் இருந்திருக்கும். எவ்வளவு என்று அளந்து பார்க்க எனக்கு விருப்பமில்லை.

"ஆனா தலைகீழாத் தொங்குனா கன்னம் கண்ணுக்குள்ள விழும்" என்று முணுமுணுத்தான். "தாடை எப்படிப் போகும்? இத நின்னுக்கிட்டே போட முடியாது."

"தொங்கிக்கிட்டே போடுங்க" என்றாள் தெஸ்ஸா. "உங்களுக்கு நேராப் போட்டா சுவருக்குத் தலைகீழ். நான் ஒரு கால் பிடிச்சுக்கிறேன்."

அவள் கண்ணாடியைச் சாரத்தில் சாய்த்து வைத்து, பாவாடையைச் செருகிக்கொண்டு, கீழே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இன்னொரு காலுக்கு நீ வா."

7

சேக்கோ எழுந்து ஏணியைப் பிடித்தான். அங்கேயே நிற்கிறான். நான் எவ்வளவு தள்ளியும் நகரவில்லை.

அவன் நிலைமையைப் பாருங்கள். மேலே ஏறினால் ஊரில் இருக்கலாம், திருவிழாவில் மறுபடி மெழுகுவர்த்தி தூக்கலாம். ஆனால் தினமும் கடையிலிருந்து நிமிர்ந்தால் எதிரே மாப்பிள்ளை தொங்குவான். மாப்பிள்ளைக்குப் பெரிய சுவர் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ரொட்டியை எடுத்துக் கொடுக்கும்போது ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்க வேண்டும். சபையில் கூரையைப் பார்த்தவனுக்கு அது வேண்டியதுதான் என்று சேக்கோவால் நினைக்க முடியும். சந்தோஷமாக நினைக்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

ஏறாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஃபோல்கோ பழைய தாளை எடுப்பான். பெரிய சுவரும் கிடைக்கும். அங்கேயும் அதே தாள்தான். வானம் முழுக்கப் புனிதர்களும் தேவதூதர்களும் இறங்குவார்கள், ஒவ்வொருவரும் சேக்கோ முகத்தோடு. சொர்க்கம் முழுக்க அவன் இருப்பான், ஊருக்குள் மட்டும் அவன் கால் வைக்க முடியாது. அதுவே ஃபோல்கோவின் தலைசிறந்த படைப்பாக இருக்கும், ஒர்னெல்லா துண்டறிக்கையின் அட்டையில் போட்டுவிடுவாள்.

"கோயிலுக்குப் போய்ப் பலிபீடச் சுவரைப் பார்த்தால் எது நடந்தது என்று தெரிந்துவிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். நேற்று வரை எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் நேற்று மாலை ஒரு நிலநடுக்கத்தை எழுதி அந்தச் சுவரை இடித்துவிட்டேன். சபைச் சுவரின் படத்தையும் மழையில் கரைத்துவிட்டேன். கோழைத்தனம்தான். ஒர்னெல்லாவிடம் சொன்னதற்கு, "ரெண்டையும் இடிச்சுட்டா நான் எதுக்கு டிக்கெட் போடுறது?" என்று கேட்டாள்.

[சேக்கோ ஏணியின் முதல் படியில் கால் வைத்…]

[சேக்கோ மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பாரா…]

இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் பாதியிலேயே என் கை நின்றுவிட்டது. இவன் தோளில் நான் உட்கார்ந்துகொண்டு வந்ததால் இவனுக்காக முடிவு செய்யலாம் என்று அர்த்தமில்லை. நீங்கள் யாரோ வெளி ஆள், உங்களுக்கு அவன் முகம் கூடத் தெரியாது. நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஆற அமர யோசிக்காதீர்கள். நாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மேலே ஃபோல்கோ பொறுமை இழந்து கவிழ்ந்துவிட்டான். ஒரு கால் தெஸ்ஸாவின் கையில், இன்னொரு கால் காற்றில் அலைகிறது. வாயில் ஒரு தூரிகை, கையில் ஒன்று. சுண்ணாம்பு ஓரத்திலிருந்து வெளுத்து வருகிறது.

"மச்சான், வர்றியா போறியா?" என்று தூரிகையைக் கடித்துக்கொண்டே கேட்கிறான். "எதுவானாலும் சீக்கிரம் சொல்லு, ரத்தம் தலைக்கு ஏறுது."

தெஸ்ஸா எதுவும் கேட்கவில்லை. அண்ணனைப் பார்க்கக் கூட இல்லை. இரண்டு கையாலும் அந்தக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரில் முதுகை முட்டுக் கொடுத்து நிற்கிறாள். அவள் பிடியிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவ ஆரம்பித்துவிட்டது.